'பரம சௌக்கியம்' என்று வந்த அஞ்சலட்டை

இளம் சிறுநீரக மருத்துவர்களே, அடுத்த மாதம் உங்கள் ஆண்டுக் கூட்டமாம். கத்தி வைக்காமல் செய்யும் புராஸ்டேட் சிகிச்சைகளின் நீண்டகால முடிவுகளை நீங்கள் வாசிக்கப்போகிறீர்களாம். அதையொட்டி ஒரு சிறப்பு மலரும் உண்டாம். "சார், உங்க காலத்து வெற்றிகளைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். ரொம்ப சந்தோஷம். ஆனால் என் வெற்றிகளை என்னைவிட என் மனைவி நன்றாகச் சொல்வாள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு அஞ்சலட்டையைப் பற்றி. அந்த அட்டையை நம்பி ஒரு மனுஷரின் இரண்டு சிறுநீரகங்களையும் காவு கொடுக்க இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் சிறுநீரக மருத்துவன். அதுவரை புராஸ்டேட் வீங்கி வருகிறவர்களுக்கு நாங்கள் செய்தது ஒன்றுதான். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டுச் சுரண்டி எடுப்போம். நல்ல ஆபரேஷன்தான். ஆனால் முதுகில் ஊசி, ரத்தம், நாலைந்து நாள் படுக்கை என்றதும் பாதிப் பேர் "யோசிச்சு சொல்றேன்" என்று போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு மெஷின் வந்தது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மைக்ரோவேவால் சூடு கொடுத்துச் சுரப்பியைச் சுருங்கவைப்பது. ஒரு மணி நேரம். மயக்கம் கிடையாது, வெட்டு கிடையாது. சில நாள் ஒரு ட்யூபோடு இருந்துவிட்டு, அதையும் எடுத்துவிட்டால் மனுஷன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

நான் தலைகால் புரியாமல் ஆடினேன். சும்மா சொல்லக்கூடாது, மூன்று மாதம் கழித்து வந்தவர்கள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அதில் முதல் ஆள் சாஸ்திரிகள். மாட வீதியை ஒட்டிய சந்தில் வீடு. கல்யாணம், ஹோமம் என்று ஊரெல்லாம் செய்துவைப்பவர். அறுபது வயசு. மூன்று மணி நேரம் அக்னி முன்னால் உட்கார வேண்டிய மனுஷருக்கு முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தால் பிழைப்பு என்னாகும்? சூடு வைத்து மூன்றாம் மாதம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், நேத்திக்கு ஒரு கல்யாணத்துல காசி யாத்திரையிலேர்ந்து ஆசீர்வாதம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை!" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. குளக்கரையில் பார்த்த கிழவர்களிடமெல்லாம் சொல்லி, எட்டுப் பேரை என்னிடம் அனுப்பிவைத்தார்.

ஐந்து வருஷம் ஓடியது. தி.நகரில் ஒரு ஹோட்டலில் சிறுநீரக மருத்துவர்கள் கூட்டம். "ஐந்தாண்டு முடிவுகள்" என்று நான் பேசுவதாக ஏற்பாடு. ஐந்தாண்டு முடிவு வேண்டுமென்றால் ஐந்தாண்டு கழித்து ஆட்களைப் பார்க்க வேண்டுமே? அவர்களோ முதல் வருஷத்துக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். நன்றாக இருப்பவன் ஏன் வருவான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்போதெல்லாம் தபாலாபீசில் பதில் அட்டையும் சேர்ந்த இரட்டை அஞ்சலட்டை கிடைக்கும். ஒன்றில் நாம் எழுதினால், மற்றதில் அவர்கள் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம். இரண்டு அட்டையிலும் கேள்விகளை அச்சடித்தேன். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? வேகம் எப்படி? முழுவதும் வெளியேறிய திருப்தி உண்டா? கடைசியில் சொட்டுகிறதா? அத்தனை பேருக்கும் அனுப்பினேன். பத்து நாளில் பதில்கள் வந்து குவிந்தன.

"நலம்." "இறையருளால் நலம். தாங்கள் நலமா?" "யாவரும் நலம். பேத்திக்குக் காது குத்தியாயிற்று." சாஸ்திரிகள் மட்டும் முத்து முத்தான கையெழுத்தில் "பரம சௌக்கியம்" என்று எழுதி, கீழே ஆசீர்வாதமும் சேர்த்திருந்தார். என் நாலு கேள்விக்கும் நேரடியாகப் பதில் எழுதியவர் ஒருவரும் இல்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தனை அட்டைகளையும் 'குணம்' என்று ஒரே கட்டாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டேன்.

எங்கள் நர்சிங் ஹோமில் மல்லிகா என்று ஒரு வார்டு ஆயா இருந்தாள். நாற்பது வயசு, ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. நோயாளிகளின் ட்யூபைப் பார்த்துக்கொள்வதில் அவளுக்கு நிகர் யாருமில்லை, நான் உள்பட. நான் ஸ்லைடுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜையைத் துடைக்க வந்தவள், மேலே இருந்த அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இன்னா டாக்டரு இது? சாஸ்திரி ஐயரு நல்லா கீறாராமா?"

"ஆமாம். அவரே எழுதியிருக்காரே."

"அவுரு எழுதுனா ஆச்சா? போன ஞாயித்துக்கெயம பெசன்ட் நகர் மண்டபத்துல கல்யாணம். என் தங்கச்சி அங்க பெருக்குற வேல பாக்குது. கூடமாட ஒத்தாசிக்கு நானும் போயிருந்தேன். உன் ஐயரு தான் மந்திரம் ஓதிக்கினு இருந்தாரு. அப்பால எந்திரிச்சி போனாரு. வந்தாரு. திரும்ப போனாரு. மூணு தபா! மாப்ள தாலிய கையில வெச்சிக்கினு பே பேன்னு முயிச்சிக்கினு குந்திக்கினு கீறான். மேளக்காரன் ஊதி ஊதி வாயே கோணிப்போச்சி."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "அன்னிக்கு வயிறு சரியில்லாம இருந்திருக்கும்" என்றேன்.

மல்லிகா அட்டையை மேஜையில் போட்டாள். "ஏன் டாக்டரு, இம்மாம் படிச்சிக்கிறியே, ஒண்ணு கேக்குறேன். இது தொறந்த அட்ட. போஸ்ட்மேன் படிப்பான். கீய்வூட்டுக்காரன் படிப்பான். மருமவ படிப்பா. இதுல போயி ஒண்ணுக்கு சொட்டுதான்னு கேட்டுக்கிற. எந்த ஆம்பள 'ஆமா சொட்டுது'ன்னு எய்தி அனுப்புவான்? நீ அனுப்புவியா?"

சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்தேன். "நானும் வரேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள் மல்லிகா. வேண்டாம் என்றால் கேட்கிறவளா அவள்?

சாஸ்திரிகள் வீட்டில் ராஜ உபசாரம். "வாங்கோ வாங்கோ, டாக்டர் நம்மாத்துக்கு வர்றதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று மாமி காபி கலக்கப் போனாள். சாஸ்திரிகள் எதிரே உட்கார்ந்து, "கார்டு வந்துதோல்லியோ? பரம சௌக்கியம்" என்றார். சொல்லிவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். காபி வந்தது. நான் குடித்தேன். அவர் தொடவில்லை. தண்ணீர் கூடக் குடிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மறுபடியும் "ஒரு நிமிஷம்".

மாமி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மல்லிகாவுக்குத் தெரிந்தது. "மாமி, மாடியில வத்தல் காயுதே, அது இன்னா வத்தல்? எங்க வூட்ல போட்டா பூசணம் பூத்துப் போவுது" என்று ஆரம்பித்து, மாமியை மாடிப்படி ஏற வைத்துவிட்டாள்.

சாஸ்திரிகள் கொல்லையிலிருந்து வந்ததும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இப்ப நாம ரெண்டு பேர்தான். நெஜமா சொல்லுங்கோ."

அவர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் நன்னாத்தான் இருந்தேன் டாக்டர். அப்புறம் பழையபடி ஆயிடுத்து. இப்போ அதைவிட மோசம். அரை மணிக்கு ஒரு தரம் போறேன், ரெண்டு சொட்டு வரது. வேஷ்டி நனைஞ்சு போறதுன்னு உள்ளே துணி வெச்சுண்டு போறேன். மடி ஆசாரம்னு இருக்கிறவன், இந்த லட்சணத்துல எப்படி அக்னி முன்னாடி உக்கார்றது? மனசு கூசறது."

"என்கிட்ட வந்திருக்கலாமே?"

"எப்படி வருவேன்? எட்டுப் பேரை நான் அனுப்பியிருக்கேன். 'டாக்டர் கை ராசி'ன்னு குளக்கரையில பிரசங்கமே பண்ணியிருக்கேன். எனக்கே திரும்பிடுத்துன்னு தெரிஞ்சா அவாள்லாம் என்னைச் சும்மா விடுவாளா? அதுவும் போகட்டும். ஒவ்வொரு தரமும் நீங்க அவ்வளவு ஆசையா 'எப்படி இருக்கு'ன்னு கேப்பேள். இல்லைன்னா உங்க முகம் வாடிப்போயிடும். பெரிய டாக்டரை எதுக்கு நோகடிக்கணும்னு..."

"கார்டுலயாவது எழுதியிருக்கலாம்."

"கார்டா!" என்றார் சாஸ்திரிகள். முதல் முறையாகக் கோபம் வந்தது அவருக்கு. "நன்னா அனுப்பினேள் கார்டு! என் கைக்கு வரதுக்கு முன்னாடி பக்கத்தாத்துல அத்தனை பேரும் படிச்சாச்சு. அந்தாத்து வாத்தியார் வாசல்ல நின்னுண்டு, 'என்ன ஓய், ராத்திரி எத்தனை தடவை?'ன்னு கேக்கறார். பரம சௌக்கியம்னு எழுதாம வேற என்ன எழுதச் சொல்றேள்?"

சிரிப்பு வந்தது எனக்கு. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் கோபத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் அவர் வயிற்றைப் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார். தோள் எலும்பு தெரிந்தது. தொப்பை மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணச் சாப்பாட்டுத் தொப்பை என்று அவரே எப்போதும் கேலி செய்துகொள்வார், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"கொஞ்சம் படுங்கோ" என்றேன். ஊஞ்சலில் படுத்தார். தொப்புளுக்குக் கீழே விரலை வைத்துத் தட்டினேன். வெறும் வயிறாக இருந்தால் காற்றுச் சத்தம் கேட்கும். இங்கே மொத்தென்று கேட்டது. தொப்புள் வரைக்கும் தட்டிப் பார்த்தேன், மொத்து மொத்தென்றே கேட்டது. அது தொப்பையே இல்லை. நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்த சிறுநீர்ப்பை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நிரம்பியதால் வலியும் இல்லை. வழிந்ததைத்தான் அவர் 'போகிறேன்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏற்றி நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். ட்யூபை விட்டதும் பை நிறைந்தது. இன்னொரு பை மாற்றினோம். அதுவும் நிறைந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் பின்னால் தேங்கிய அழுத்தத்தில் உப்பிப்போயிருந்தன. காலையில் ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ஒன்றையொட்டி இருப்பதற்குப் பதில், ஆறைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் டயாலிசிஸ்தான். அவரோ கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா, எவ்வளவு பாரம் டாக்டர் இறங்கிடுத்து" என்று எனக்கு நன்றி சொன்னார். எனக்கு!

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த மனுஷரை நான் 'குணம்' கட்டுக்குள் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். மல்லிகா வந்து பக்கத்தில் நின்றாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இங்க குந்திக்கினு இருந்தா ஆச்சா டாக்டரு? இன்னும் எத்தினி அட்ட கீது அந்த கட்டுல? அவங்க வவுத்த யாரு தட்டிப் பாக்குறது?"

கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மாமிகளையும் மருமகள்களையும் மல்லிகா தள்ளிக்கொண்டு போவாள், நான் வயிற்றைத் தட்டுவேன். அடையாறில் ஒரு ஓய்வுபெற்ற இன்ஜினீயர். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வேறு டாக்டரிடம் போய்ச் சுரண்டிக்கொண்டுவிட்டார். "உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு இவர்தான் சொல்ல வேண்டாம்னுட்டாரு" என்று அவர் மனைவி போட்டுக்கொடுத்தாள். அந்த ஆபரேஷனும் சௌக்கியமாக நடந்ததால் அவர் அட்டையில் 'நலம்' என்று எழுதியது பொய்யுமில்லை! ஆதம்பாக்கத்தில் ஒருவர் தினமும் மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். கொட்டிவாக்கத்தில் ஒருவர் வீட்டை மாற்றும்போது, "டாய்லெட் பக்கத்துல இருக்கிற ரூம்தான் எனக்கு" என்று சண்டை போட்டு வாங்கியிருந்தார். அவரும் நலம்தான்.

எல்லாம் தோல்வி என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள், அதுவும் தப்பு. தி.நகரில் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார் ஒரு பாய். அவர் வயிற்றைத் தட்டிப் பார்க்கணும் என்றதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்னா டாக்டர், நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்களா? அஞ்சு வேளையும் கை கால் கழுவி ஒளு செஞ்சி நிம்மதியா தொழுவுறேன், ஒரு சொட்டு கெடயாது. சந்தேகம்னா வாங்க, பின்னால வந்து நின்னு பாருங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தார். போய் நின்று பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சூடு வைத்த ஆள், இளந்தாரி மாதிரி போனார். எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது. சில பேருக்கு அது நின்று பேசியது. சில பேருக்கு இரண்டு மூன்று வருஷத்தில் கைவிட்டுவிட்டது. யாருக்கு எது என்பதை அஞ்சலட்டை எனக்குச் சொல்லவில்லை.

கூட்டத்தில் முதல் ஸ்லைடாக சாஸ்திரிகளின் அட்டையைப் போட்டேன், அவர் அனுமதியோடு, பெயரை மறைத்து. பரம சௌக்கியம். அரங்கம் சிரித்தது. அடுத்த ஸ்லைடில் அவருடைய ஸ்கேன். சிரிப்பு அடங்கிவிட்டது. தலைமை வகித்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், நீங்கள் சொல்கிற இந்த வீடு வீடாகப் போகும் முறையை யார் வகுத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் ஆயா" என்றேன். இதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

சாஸ்திரிகளுக்கு ஆறு வாரம் ட்யூபோடு ஓய்வு. கிரியாட்டினின் மெதுவாக இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. கடைசி வரை அவர் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது, அதற்குக் காரணம் நான்தான். பழைய முறைப்படி சுரண்டி எடுத்துவிடலாம், வேறு நல்ல டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றேன். "அதெல்லாம் முடியாது, நீங்களே பண்ணுங்கோ. ஆனா இந்தத் தரம் எனக்குக் கார்டு போடப்படாது" என்றார். செய்தேன். அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, நாலு பக்கமும் பசை ஒட்டிய கவரில் அவரிடமிருந்து கடிதம் வரும். இரவு எத்தனை தடவை, வேகம் எப்படி, திருப்தி உண்டா, எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில். அவர் மறுபடியும் ஹோமத்தில் உட்கார்ந்ததை மல்லிகா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "குந்துனவரு குந்துனவருதான் டாக்டரு. மாப்ளதான் ரெண்டு தபா எந்திரிச்சான்."

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இப்போது நீராவி வைக்கிறீர்கள், கிளிப் போட்டு இழுத்துக் கட்டுகிறீர்கள், என்னென்னவோ செய்கிறீர்கள். எல்லாம் எங்கள் மெஷினைவிட நல்லவைதான். உங்களில் ஒருவர் எனக்கே நீராவி வைத்தார், நாலு வருஷம் ஆகிறது. பூ மாதிரி செய்தார். போன மாதம் அவரேதான் போன் செய்தார், கூட்டத்துக்காக எல்லோரையும் விசாரிக்கிறாராம். "சார், எப்படி இருக்கீங்க? பிரச்சினை எதுவும் இல்லையே?" என்றார். குரலில் அவ்வளவு ஆசை. நான் அப்போது காரில் இருந்தேன், முன்னால் டிரைவர், பக்கத்தில் மனைவி, போன் ஸ்பீக்கரில்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்பா" என்றேன்.

தம்பி, அச்சுக்குப் போகும் முன்பே இதை உங்களுக்கு அனுப்புகிறேன். இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறேன். வேகம், அதைக் கேட்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் முகம் வாடிவிடுமே என்றுதான் வரவில்லை. நேற்று பேன்ட் போடும்போது பெல்ட்டில் ஒரு துளை தளர்த்த வேண்டியிருந்தது. சாப்பாடு குறைந்திருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது, தொப்பை மட்டும் கூடியிருக்கிறது. தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் வருகிறேன். உங்கள் 'குணம்' பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு, ஸ்கேனைத் தயாராக வையுங்கள்.